ஒய்பிக்கு வரும் வயிற்று வலி

எங்கள் ஒய்பி சத்தியசீலன் கோயில் மேடையில் மைக்கைப் பிடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். குடி கூடாது, சூது கூடாது, திருவிழாவில் சினிமாப் பாட்டுக் கூடாது, பெண்பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். சட்டமன்ற உறுப்பினரை எங்கள் பக்கம் ஒய்பி என்றுதான் கூப்பிடுவோம். கோலா சிலாங்கூரில் இருக்கும் அவருடைய சேவை மையத்தில் சாக்கடை அடைப்பிலிருந்து ஜாதகப் பொருத்தம் வரை வருகிற அத்தனை புகாரையும் வாங்குகிறவள் நான்தான். அதனால் அவரைப் பற்றிப் பேச என்னைவிட்டால் ஆளில்லை.

மேடையில் சிங்கம்தான். ஷா ஆலமில் சட்டமன்றம் கூடினால் மட்டும் மனிதருக்கு வயிறு கெட்டுப்போகும். சூதாட்டக் கடைகளை மூடச் சொல்லித் தீர்மானம் வந்தது, ஒய்பிக்கு வயிற்று வலி. இரவுக் கச்சேரிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது, அப்போதும் வயிற்று வலி. எல்லோரும் சேர்ந்து குரல் கொடுக்கும் வாக்கெடுப்பு என்றால் பிரச்சினையில்லை, யார் வாயை அசைத்தார் என்று யாருக்குத் தெரியப்போகிறது? பெயரைக் கூப்பிட்டு எண்ணினால்தான் கழிவறைக்கு ஓடுவார். "ஒய்பி எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டாரு?" என்று ஊரார் போன் செய்தால், "ஒடம்பு சரியில்லலா" என்று சொல்லிச் சொல்லி எனக்கே மானம் போயிற்று.

இந்த முறை வந்தது மதுக்கடைத் தீர்மானம். வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் பக்கத்தில் புதிய மதுக்கடைகளுக்கு லைசென்ஸ் கொடுக்கக்கூடாது என்று எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கொண்டுவந்தார். எங்கள் கட்சி எதிர்க்கச் சொல்லிவிட்டது. இன்றைக்கு மதுக்கடையில் கை வைப்பார்கள், நாளைக்குச் சிறுபான்மையினரான நம் வேறு எந்த உரிமையில் கை வைப்பார்களோ என்பது அவர்கள் பயம். நியாயமான பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு என் பயம் பெரிது.

என் கணவர் அர்ஜுனன் எஸ்டேட் முனையில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தார். குடியை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. பட்டறையை ஒட்டிய காலிக் கடையில்தான் புது மதுக்கடை வரப்போகிறது என்று பேச்சு. நடுவில் ஒரே ஒரு சுவர். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டால் ஆசையைக் கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்று நானும் கேட்கவில்லை.

வாக்கெடுப்பு நாளில் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நானும் ஒய்பியுடன் போனேன். பெயர் கூப்பிட்டு எண்ணப் போவதாகச் சபாநாயகர் அறிவித்து மணி அடித்ததுதான் தாமதம், ஒய்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நான் கழிவறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"தள்ளு திலகம், அவசரம்!"

"மணி நின்னா சபைக் கதவ சாத்திருவாங்க. உள்ள போங்க ஒய்பி."

"வயித்த வலிக்குதும்மா!"

"காலையில ரெண்டு ரொட்டி சானாய், அதுக்கு மேல ஒரு தட்டு நாசி லெமாக் சோறு. அப்ப வலிக்கலியா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கட்சி சொல்றபடி செஞ்சா பொம்பளைங்க திட்டுவாங்க. மாத்திச் செஞ்சா ஆம்பளைங்களும் திட்டுவாங்க, கட்சியும் திட்டும். என்னைய என்னதான் பண்ணச் சொல்ற?"

"யார்கிட்டயாச்சும் திட்டு வாங்குங்க. அதுக்குத்தான ஓட்டுப் போட்டு அனுப்பினோம்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகைதான் வந்தது. "எங்க வீட்டுக்காரரு குடிய விட்டு எட்டு மாசம் ஆச்சு ஒய்பி. அந்தக் கடை அவரு பட்டறைக்குப் பக்கத்துலதான் வரப்போவுது."

அவருக்கு அது தெரியாது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

பெயர் கூப்பிட்டதும் "ஆதரிக்கிறேன்" என்றார். குரல் கீச்சென்று வந்தது. அவர் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தீர்மானம் தோற்றது, அது தோற்கும் என்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் நான் பார்வையாளர் மாடத்தில் கை தட்டி, காவலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் சேவை மையத்தில் ஒரே கூட்டம். எஸ்டேட்டில் லோரி ஓட்டும் நல்லசாமி அண்ணன்தான் முன்னால் நின்றார்.

"எங்க டுயிட்டு, எங்க காசு, நாங்க குடிக்கிறோம்! மேடையில பேசறதோட நிறுத்திக்க வேண்டியதுதான? எதிர்க்கட்சிக்காரனோட சேந்துக்கிட்டு எங்க உரிமைய விக்கிறீங்களா?"

ஒய்பிக்கு வியர்த்துக் கொட்டியது. கை மெல்ல வயிற்றுப் பக்கம் போயிற்று. நான் முறைத்தேன். கையை எடுத்துவிட்டார். "நான் மேடையில சொன்னதத்தான் செஞ்சேன். திட்டணும்னா உக்காந்து திட்டுங்க, நாற்காலி இருக்கு" என்றார். நான் வேலைக்குச் சேர்ந்த ஆறு வருடத்தில் அன்றைக்குத்தான் அவரிடம் எனக்கு மரியாதை வந்தது.

அப்போது எண்ணெய்க் கையோடு அர்ஜுனன் உள்ளே வந்தார். நின்றிருந்த அத்தனை பேரும் அவருடைய பழைய குடிக் கூட்டாளிகள். ஐயோ, இவரும் சண்டைக்கு வந்துவிட்டாரே என்று எனக்கு உயிரே போய்விட்டது.

"அண்ணே, அவர விடுங்க. திட்டறதுன்னா என்னையத் திட்டுங்க" என்றார். "அந்தக் கடை பக்கத்துல வந்தா நான் குடிச்சிருவேன். எனக்குப் பயமா இருக்குண்ணே."

எட்டு மாதத்தில் என்னிடம்கூட அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"எப்படியும் கடை வரத்தான் போவுது. பட்டறைக்கு வேற எடம் பாத்துக் குடுங்க ஒய்பி."

"ஆபீஸ் பின்னாடி நம்ம ஷெட்டு சும்மாதான கெடக்கு" என்றார் ஒய்பி.

நல்லசாமி அண்ணன் தலையைச் சொறிந்தார். "ஏண்டா, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? சனிக்கிழம லோரி கொண்டாறேன்."

திட்ட வந்தவர்கள்தான் காற்றடிக்கும் மெஷினையும் டயர்களையும் சுமந்தார்கள். "ஒய்பி செஞ்சது தப்புதான், அதுல மாத்தமில்ல" என்று நல்லசாமி அண்ணன் கடைசிச் சாமானை இறக்கும்வரை சொல்லிக்கொண்டேயிருந்தார். கட்சித் தலைமை விளக்கம் கேட்டு எழுதியது. ஒய்பி பதில் எழுத உட்கார்ந்தால் பின்னால் சுத்தியல் சத்தம் காதைப் பிளக்கும். "மெதுவாலா அர்ஜுனா!" என்று கத்துவார்.

மதுக்கடை திறந்த அன்று சாயங்காலம் அர்ஜுனன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"இன்னிக்கு எஸ்டேட் முனை வழியாவே வீட்டுக்குப் போவோமா? நீதான் பின்னாடி இருக்கியே."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

கடை வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள், பாட்டு அலறியது. "அர்ஜுனா, வாடா!" என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் கையைத் தூக்கிக் காட்டினார், சிரித்தார். நான் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். வண்டி நிற்கவில்லை.