ஊசி போகும் வழி

எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலிக்காது என்று இதுவரை யாராவது கேட்டார்களா... மூச்சை இழுத்துப் பிடிங்கம்மா என்கிறார் ஸ்கேன் டாக்டர், பிடிக்கிறேன், வயிற்றில் தடவிய பசை ஜில்லென்று இருக்கிறது, கருவி விலா எலும்புக்கு அடியில் அழுத்துகிறது, விடுங்க என்கிறார், விடுகிறேன். திரையில் என் ஈரல் தெரிகிறதாம், அதில் பாதியை அடைத்துக்கொண்டு கட்டி. எனக்குத் தெரிவது சுவர்தான். திரை இவருக்கு, என் கணவருக்கு, ஸ்டூலில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், மேட்ச் பார்க்கிற மாதிரி.

புற்று இல்லை, வெறும் ரத்தக்குழாய்க் கட்டி என்று சொன்ன அன்று நிம்மதியில் அழுதேன். அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. சாப்பாட்டு மேஜையில் தினமும் என் ஈரலைத்தான் பரிமாறுகிறார்கள். ஊசியைச் செருகிச் சூட்டில் பொசுக்கிடலாம், சீக்கிரம் வீட்டுக்கு வந்துடலாம், இது இவர். இவ்வளவு பெரிசை ஒரே தடவையில் பொசுக்க முடியாது, தொடை வழியாகக் குழாய் விட்டு அதுக்குப் போற ரத்தத்தை அடைச்சா தானா சுருங்கும், இது நாத்தனார். எவ்வளவு சுருங்கும்னு யாருக்குத் தெரியும், சின்னத் துளை போட்டு வெட்டியே எடுத்துடலாமே, மறுபடி இவர். வெட்டினா ஒரு மாசம் உனக்கு யார்டா சமைப்பா என்று நாத்தனார் சிரிக்க... அது ஜோக்காம். அத்தோடு இவர் ஊசிக்கே திரும்பிவிட்டார். எனக்கு நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை, கட்டி அழுத்தினால் அப்படித்தான், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன், யாரும் பார்க்கவில்லை.

பெரிய டாக்டர் இன்னொன்றும் சொன்னாரே, தொந்தரவு தாங்குற அளவில் இருந்தா சும்மா விட்டு, வளருதான்னு பார்த்துக்கிட்டே இருக்கலாம் என்று. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பதில் சொன்னது இவர். தாங்குகிறேனா? சில நாள் முடியவே இல்லை... சில நாள் அது இருப்பதே மறந்துபோகிறது. இரண்டும் உண்மை என்று சொன்னால், பாரு, இவளுக்கே தெரியலை என்பார்கள்.

"ஊசின்னே முடிவு பண்ணிட்டோம் டாக்டர்," என்கிறார் இவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவளுக்கும் அதான் இஷ்டம்."

"அப்ப ஊசி போற வழியைக் குறிச்சுக்கிறேன். மூச்சு விட்டா ஈரல் நகரும்மா. இன்னும் ஒரே தடவை, பிடிங்க."

நகருமா? இத்தனை நேரம் பிடித்துப் பிடித்துக் கொடுத்தேனே... இழுக்கிறேன். விடுகிறேன். பிடிங்கம்மா என்கிறார் மறுபடி. இழுக்கிறேன், விடுகிறேன். அவ பயந்திருக்கா என்று இவர் சொல்வது கேட்கிறது. பயமில்லை. எது வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். மூச்சு அது பாட்டுக்குப் போய் வருகிறது, கருவியோடு டாக்டரின் கை என் வயிற்றின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.