லீவு நாளில் ஒரு வார்த்தை

விடியும் முன்பே கம்பெனி வேன் கவரைப்பேட்டைக்கு வந்து ஹாரன் அடிக்கும். வீட்டில் நானும் என் குழந்தை ஜோஷ்வாவும் மட்டும்தான். அவனைப் பக்கத்து வீட்டுச் செண்பகம் அக்காவிடம் விட்டுவிட்டு ஓடுவேன்.

"கொயந்த பாக்காதப்ப நைசா போய்டு ஹெலனு, இல்லாங்காட்டி அயுவான்" என்பாள் அக்கா.

எனக்கு அது பிடிக்காது. பெற்ற பிள்ளையிடம் என்ன திருட்டுத்தனம்? அவன் அழுதாலும் சரி, முகத்துக்கு நேராகக் கையை ஆட்டி டாட்டா சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறுவேன். ஓவர்டைம் முடிந்து திரும்பும்போது தூங்கியிருப்பான்.

போன வாரம் அக்கா, "உன் புள்ள பேசறான்டி!" என்றாள்.

"இன்னா சொன்னான்க்கா?"

"நானே சொல்லிட்டா இன்னா இருக்குது? லீவுல நீயே கேட்டுக்கோ."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகவில்லை. அவன் எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.

"அம்மா சொல்லுடா. அம்மா."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுந்து தத்தித் தத்திப் போய், நாற்காலியில் கிடந்த என் கம்பெனி ஐடி கார்டை இழுத்துக்கொண்டு வந்து மடியில் போட்டான். அழவில்லை. கையை ஆட்டினான்.

"டாட்டா."