நான்காவது பாட்டுக்கு முன்னால்

கடையில் ஹென்ட்ரா என் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பாட்டெல்லாம் அருமையா இருக்கும். மூணாவது பாட்டு முடிஞ்சதும் நடுவுல ஒரு பொண்ணு பேசுவா, அதுதான் கெடுத்துடுச்சு" என்றேன். அந்தக் கேசட்டை யாருக்குப் போட்டுக் காட்டினாலும் நாற்பது வருடமாக நான் சொல்கிற வாசகம் அது. பழக்கதோஷம்.

இந்தோனேசியாவில், எங்கள் பண்டுங் நகரத்தில் 'மாலை ரயில்' என்று ஒரு ராக் குழு இருந்தது என்றால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். எண்பத்திரண்டில் மற்றவர்களெல்லாம் வெள்ளைக்காரன் பாட்டை அப்படியே வாசித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருக்க, இந்த நாலு பேர் மட்டும் சொந்தப் பாட்டைத்தான் பாடுவோம் என்று அடம்பிடித்தார்கள். தெரிந்த பாட்டைப் பாடுங்கடா என்று கூட்டத்திலிருந்து செருப்பு பறக்கும். கிடார் வாசித்த ஏங்குஸ் அதைக் காலில் போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னொன்னையும் வீசுப்பா, என் அளவுதான்" என்பான். என்ன வாசிப்பு! கேசட் கம்பெனிக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்குக் காது இருக்கவேண்டிய இடத்தில் என்ன இருந்ததோ. இரண்டே வருடத்தில் குழு கலைந்தது. ஒரு பாட்டுகூட வெளிவரவில்லை. மிச்சம் இருந்தது, சட்டைக்குள் ரெக்கார்டரை ஒளித்துவைத்து நான் பதிவு செய்த அந்த ஒரு கச்சேரிதான்.

அன்று பக்கத்தில் யாயா இருந்தாள். நூல் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் சேர்ந்து வெளியே போன முதல் நாள். எங்கள் ஊரில் வயதில் மூத்த ஆணை 'காங்' என்றுதான் கூப்பிடுவார்கள்; அவளும் என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். மூன்றாவது பாட்டு முடிந்ததும் ஏங்குஸின் கிடார் தந்தி அறுந்துபோக, அவன் புதுத் தந்தி மாட்டும்வரை அரங்கமே காத்திருந்தது. கேசட்டில் அந்த இடைவெளியில்தான் அவள் குரல். "காங், பசிக்குது. முடிஞ்சதும் பாலா-பாலா பஜ்ஜி வாங்கித் தரணும். எண்ணெய்ச் சட்டியிலேருந்து எடுத்த சூட்டோட. ஆறிப்போனது வேண்டாம், இப்பவே சொல்லிட்டேன்." உடனே என் குரல்: "ஷ்ஷ், பேசாதே, பதிவாகுது." அதோடு ட்ரம்ஸ் ஆரம்பித்துவிடும்.

கல்யாணத்துக்குப் பிறகு அதைப் போடும்போதெல்லாம் அவளைச் சீண்டுவேன். "இதோ, இங்கேதான் கெடுத்தே." அவளும் விட மாட்டாள். "வாங்கித் தந்தது ஆறினதுதானே? கஞ்சன்!" பிறகு ஒருநாள் பக்கவாதம் வந்து அவள் பேச்சைப் பறித்தது. கையில் இந்தக் காலத்துப் போன் எதுவும் இல்லாத நாட்கள் அவை; அந்தக் கேசட்டைத் தவிர அவள் குரல் வேறெதிலும் பதிவாகியிருக்கவில்லை. அதன்பின் பதினோரு வருடம் தட்டில் கரண்டியால் தட்டித்தான் என்னைக் கூப்பிட்டாள். பிறகு அதுவும் நின்றது.

அவள் போனபிறகு நான் பாட்டே கேட்கவில்லை. அந்த இடைவெளியை மட்டும் ஓட்டி, திருப்பி, மறுபடி ஓட்டினேன். நாடா அந்த இடத்தில் தேய்ந்து முறுக்கிக்கொள்ள ஆரம்பித்ததும் பயந்துபோய், பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றித் தரும் ஹென்ட்ராவிடம் ஓடினேன். எதற்காக என்று சொன்னேனா? அறுபத்துநாலு வயதில் சந்தைக்கடையில் நின்று அழவா முடியும்? பாட்டுக்காக என்றுதான் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது அவனே என் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டான். "கேளுங்க காங், நேத்து வாசிச்ச மாதிரி இருக்கு."

இருந்தது. ஏங்குஸின் விரல் தந்தியில் வழுக்குவதுகூடக் கேட்டது. மூன்றாவது பாட்டு முடிந்தது. கழுவித் துடைத்த அமைதி.

"அந்தப் பொண்ணைச் சுத்தமாத் தூக்கிட்டேன்" என்றான் பெருமையாக.

"பழைய நாடா?"

"ஓட ஓடவே தூளாப் போச்சு. ஒரே ஓட்டம்தான் கிடைச்சுது."

"முதல்ல ஏத்தினது இருக்கும்ல?"

"அதுமேலயேதான் வேலை பார்த்தேன். நீங்கதானே காங் சொன்னீங்க?" என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னான்: "ஓ, உங்க குரலா? அது மட்டும் ட்ரம்ஸோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. இன்னும் ரெண்டு நாள் கொடுங்க, அதையும் எடுத்துடறேன்."

"வேண்டாம்" என்றேன். "மறுபடி போடு."

மூன்றாவது பாட்டு முடிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். பசிக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அப்புறம் இருபத்திரண்டு வயது நான், யாருமில்லாத பக்கம் திரும்பி, "ஷ்ஷ், பேசாதே" என்றேன்.