மணிக்கட்டு

அத்தை ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்தார். கையில் இரண்டு காலிக் கட்டைப்பைகள். என் மனைவி வாணியின் பாத்திரங்களையும் புடவைகளையும் எடுத்துப்போக வந்திருந்தார். பிள்ளை இல்லாமல் மகள் இறந்தால் சீராகப் போட்டனுப்பியதெல்லாம் தாய்வீட்டுக்குத் திரும்ப வேண்டும், அவர்கள் வீட்டில் அப்படித்தான். செங்கத்திலிருந்து விடியுமுன் கிளம்பியிருக்க வேண்டும். கண்கள் சிவந்திருந்தன.

"வாங்க அத்த" என்றேன்.

"சமையக்கட்டு தொறந்துதான கீது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.

வாணி இறந்ததிலிருந்து அவர் என்னை மாப்ள என்று கூப்பிடுவதில்லை. நீ என்பதில்லை, நீங்க என்பதும் இல்லை. யாரிடம் சொல்கிறார் என்று தெரியாத வாக்கியங்களாகவே பேசுவார். காரணம் எனக்குத் தெரியும். குளிப்பாட்டும்போது பெண்கள் வாணியின் மணிக்கட்டுகளைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டிலும் விரல் பதிந்த கன்றல்கள். சில மஞ்சளாகியிருந்தன. சில புதியவை. தலைவலி என்று படுத்தவளுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. பிறவியிலேயே பலவீனமான குழாய் என்றார் டாக்டர். அந்தக் கையைப் பார்த்த பிறகு டாக்டரை யார் நம்புவார்கள். மச்சான் வேடியப்பன் போலீசுக்குப் போகலாம் என்று குதித்தான். "கேசு போட்டா எம்பொண்ணு எழுந்து வந்துருவாளா?" என்று அத்தைதான் தடுத்தார். என்னை நம்பியதால் அல்ல. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ. அப்போது எனக்கு எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருந்தது. இப்போதும் அப்படித்தான்.

அவை என் விரல்கள்தான்.

வாணி கராத்தே கற்றுக்கொண்டிருந்தாள். ஜாஹிதா என்ற பெண் ஞாயிறுதோறும் வாணியம்பாடியிலிருந்து மலையேறி வந்து, காவலூரில் பள்ளி மைதானத்தில் சொல்லிக்கொடுப்பார். வருகிறவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பெண்கள். கல்யாணமானவள் இவள் ஒருத்திதான். யாராவது கையைப் பிடித்தால் விடுவித்துக்கொள்ளும் பாடத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வானாய்வகத்தில் எனக்கு எலக்ட்ரிகல் வேலை. சாயங்காலம் வந்ததும் சட்டையைக்கூட மாற்ற விடமாட்டாள்.

"புடிங்க."

பிடிப்பேன்.

"இன்னா இது, கோயில்ல தீர்த்தம் வாங்குற மாதிரி? கெட்டியா புடிங்க. ரோட்ல எவனாவது இப்டி மரியாதயாவா புடிப்பான்?"

கெட்டியாகப் பிடிப்பேன். பிடிப்பவனின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்தான் பலவீனமான இடம். கையை அந்தப் பக்கமாகத் திருப்பி உருவ வேண்டும். திருப்பும்போது ஓங்கிக் கத்த வேண்டும். குவார்ட்டர்ஸில் சுவருக்கு அடுத்த பக்கம் வேறு குடித்தனம். அதனால் வாணி சத்தமில்லாமல் கத்துவாள். வாய் மட்டும் திறக்கும். கழுத்து நரம்பு புடைக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் பிடி தளரும். அதற்கும் திட்டுவாள்.

எதற்குக் கராத்தே என்று நான் கேட்டதில்லை. பொழுது போகட்டும் என்று நினைத்தேன். அவள் போன பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. எல்லாரும் நினைப்பது போல, என்னிடமிருந்து விடுபடத்தான் பழகினாளா? நான் அவளை அடித்ததில்லை. ஆனால் ஒரு பெண் விடுபட நினைக்க அடிதான் வேண்டும் என்று இல்லை.

அத்தை பித்தளை அண்டாவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஜாஹிதா. வெள்ளை உடை, தலையில் கறுப்பு ஸ்கார்ஃப். படிக்குக் கீழேயே நின்றுகொண்டார்.

"அண்ணே, கேக்கவே ஒரு மாதிரி இருக்குது. பொண்ணுங்களுக்கு அடுத்த மாசம் பெல்ட் டெஸ்ட். அதுங்களுக்குள்ளயே புடிச்சிகினா ஃபிரெண்டுன்னு வுட்டுக் குடுத்துடுதுங்க. ஆம்பள கை ஒண்ணு வேணும். நீங்க நல்லா புடிப்பீங்கன்னு வாணிக்கா சொல்லுவாங்க. கைய நீட்டிக் காட்டுவாங்க. பாருங்க மிஸ், எங்கூட்டுக்காரரு போட்ட வளையலுன்னு சொல்லிச் சிரிப்பாங்க."

உள்ளே அண்டாவைத் தரையில் வைக்கும் சத்தம். அத்தை வாசலுக்கு வந்தார்.

"இன்னா வளையலு?"

ஜாஹிதா என்னைப் பார்த்தார். அவர் தன் மணிக்கட்டைச் சுற்றி விரலால் கோடு போட்டுக் காட்டினார். "இங்க கன்னிப்போயிருக்கும்மா. பிராக்டிஸ் பண்ணி பண்ணி. கொஞ்சம் நாளு வுடுங்கக்கா, ஆறட்டும்னு நானே சொன்னேன். கேக்கல."

அத்தை அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பை மாட்டினார். "எங்க சொல்லிக் குடுக்குறது?"

மைதானத்தில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஓரத்தில் பலாமரம். பக்கத்து நிலத்தில் சாமை அறுத்திருந்ததால் காற்றில் வைக்கோல் வாசனை. ஒன்பதாம் வகுப்பு நிவேதா முதலில் வந்து கையை நீட்டினாள். பிடித்தேன்.

"அண்ணே, கோழிக்குஞ்சயா புடிக்கிறீங்க?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

இறுக்கினேன். அவள் கத்தினாள். அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் நெஞ்சில் வந்து மோதியது. அவள் கை போய்விட்டது. என் விரல்கள் வளைந்தபடி காற்றில் நின்றன. இத்தனை மாதம் பிடித்திருக்கிறேன். வாணியின் இந்தச் சத்தத்தை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அத்தை ஜாஹிதாவின் பக்கத்தில் போய் நின்றார். குரலைத் தாழ்த்தவில்லை. "எம்பொண்ணு எதுக்கு இதுக்கு வந்தா? யாருக்குன்னா பயந்துகினு வந்தாளா?"

அடுத்த பெண்ணின் கை என் கையில் இருந்தது. நான் விடவும் இல்லை, இறுக்கவும் இல்லை.

"மொத நாளு எல்லாரையும் அதான் கேப்பேன்மா" என்றார் ஜாஹிதா. "இதோ நிவேதா, போலீஸ் வேலைக்காம். அவ, பஸ்ல ஒரசுறவனுங்கள ஒதைக்க. அந்த அருணா ஒடம்பு எளைக்க வந்தா. இன்னும் எளைக்கல."

"மிஸ்!" என்றாள் அருணா.

"நான் எதுக்கு வந்தேன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது. எங்க வாப்பா வேணாம்னாரு, அதுக்காவே வந்தேன்னு வச்சிக்கோங்க. வாணிக்கா மட்டும், கத்தணும் மிஸ்னு சொன்னாங்க. அது இன்னாக்கா கத்துறதுன்னேன். இங்க கத்துனா ஏன் கத்துறேன்னு யாரும் கேக்கமாட்டாங்க இல்லன்னாங்க. அக்கா கத்துனா அந்த மரத்துல ஒரு குருவி தங்காது."

வாணி வகுப்பில் சேர்ந்ததற்கு முந்தைய மாதம்தான் கரு கலைந்தது. ஐந்து மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். மலைப்பாதை முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்திருந்தாள். வீட்டுக்கு வந்து அரிசி களைந்தாள். அழவில்லை. தைரியமான பெண் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எடுத்தார்.

"நாந்தான் சொன்னேன்" என்றார். "ஃபோன்ல. சத்தம் போட்டு அழுவாதடி, பக்கத்தூட்ல கேக்கும், ஆளுக்கு ஒண்ணு பேசுவாங்கன்னு. நாந்தான்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை மைதானத்தைக் கடந்து நேராக என்னிடம் வந்தார். மருமகன் எதிரில் நாற்காலியில்கூட உட்காராதவர். முந்தானையை இடுப்பில் செருகினார். வலது கையை நீட்டினார்.

"புடி."

"அத்த..."

"அவள எப்டி புடிச்சியோ அப்டி புடி."

என்னை நீ என்று முதல்முறை சொன்னார். பிடித்தேன். எலும்பும் நரம்புமான கை. வாணியின் கை அளவேதான்.

"இவ்ளோதானா?"

"இன்னும் கெட்டியா" என்றேன்.

"புடி அப்டி."

இறுக்கினேன். அவருக்கு வலித்தது. முகத்தில் தெரிந்தது. கையை இழுக்கவில்லை, திருப்பவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் தலையை ஆட்டினார். விட்டேன். நான்கு விரல்களின் தடங்களும் முதலில் வெளுத்து, பிறகு மெல்லச் சிவந்து எழுந்தன. கையைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

போய்ப் பலாமரத்தடியில் உட்கார்ந்தார்.

ஜாஹிதா கைதட்டினார். அருணா வந்து என் முன்னால் நின்றாள். பிடித்தேன், கத்தினாள், உருவிக்கொண்டு ஓடினாள். அடுத்தவள் வந்தாள். அவளுக்குப் பின்னால், மரத்தின் நிழலில், அத்தை இடது கை விரல்களை அந்தச் சிவந்த தடங்களின் மேல் ஒவ்வொன்றாகப் பொருத்தி வைத்து, மெதுவாக மூடிக்கொண்டிருந்தார்.