இசையறிவு இல்லாதவள்

"அண்ணி, கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

கணவரின் தம்பி பத்திரத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, பேனா மூடியையும் தாமே கழற்றி நீட்டினார். அவள் வாங்கவில்லை, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். சித்தப்பா எல்லாம் பார்த்துவிட்டாரே, நீ என்ன புதிதாகப் பார்க்கப்போகிறாய் என்று மகள் சலித்துக்கொண்டாள்.

இசையமைப்பாளராகப் பேரெடுத்த அவள் கணவர் இறந்து ஓராண்டாகியிருந்தது. அவருடைய பெயர்பெற்ற பாட்டு தங்களுக்கே சொந்தம் என்று ஒலிப்பதிவு நிறுவனம் வழக்குப் போட்டிருந்தது. மெட்டை முதன்முதலில் பதிந்த ஒலிநாடா அவர்களிடம் இருந்தது. அதில் கேட்பது, தங்களிடம் சம்பளத்துக்கு இருந்த ஒரு பாடகியின் குரல் என்றார்கள். இல்லை, மனைவியின் குரல் என்று குடும்பத்து வக்கீல் அந்தப் பத்திரத்தில் அவள் சொல்வதுபோலப் பதில் எழுதியிருந்தார். அதோடு விட்டிருக்கலாம். 'கணவர் சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிப் பாடினேன். எனக்கு இசையறிவு கிடையாது' என்றும் சேர்த்திருந்தார்.

துணி மடிக்கும்போது அவள் போட்ட மெட்டு அது. பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்த கணவர்தான், இன்னொரு தரம் பாடு என்று பதிந்துகொண்டார். அப்படிப் பதினோரு பாட்டுகள். இசைத்தட்டு உறையில் உன் பேரைப் போட்டால் என்னை எவன் மதிப்பான் என்று ஒருமுறை கேட்டார். பொல்லாதவர் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அதனாலேயே அவள் மேற்கொண்டு கேட்காமல் இருந்துவிட்டாள்.

"இதுல கையெழுத்துப் போடமாட்டேன்."

"அண்ணன் பேரு கெட்டுப்போகும் அண்ணி."

"கெடுறதுக்காவது அவருக்கு ஒரு பேரு இருக்கு" என்று காகிதத்தை மடித்துக் கொடுத்தாள்.

நீதிமன்றத்தில் உள்ளதைச் சொன்னாள். நிறுவனத்து வக்கீல் சிரித்துக்கொண்டே ஆதாரம் கேட்டார். இத்தனை ஆண்டும் நிறுவனத்திடமே இருந்த நாடாவில் மூன்றாவது வரி ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும். பிறகு இசைத்தட்டில் பாடிய பாடகருக்கு அந்த இடத்தில் மூச்சு போதவில்லை என்பதால், இசைத்தட்டுக்குத் தானே அதை நேராக்கிக் கொடுத்ததாகச் சொன்னாள். நீதிபதி இரண்டையும் போடச் சொல்லிக் கேட்டார். அவள் சொன்னபடியே இருந்தது.

தீர்ப்பு வந்தது. மெட்டுப் போட்டவள் அவள்தான். ஆனால் இருபத்திரண்டு ஆண்டு வாய் திறக்காததால், கணவருக்கே அதை விட்டுக்கொடுத்ததாகக் கொள்ள வேண்டும்; பாட்டு அவர் பெயரிலேயே இருக்கும். குடும்பம் ஜெயித்தது. தம்பி வக்கீலையும் மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அப்பாவைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாயே என்று சொல்லிவிட்டுப் போன மகள், அதன்பிறகு போன்கூடச் செய்யவில்லை.

ஒருநாள் பேருந்தில், பக்கத்து இருக்கைப் பெண் அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். இது என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தவள், பைத்தியம் என்று நினைப்பாளோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். பேச ஆளில்லாத அந்தப் பகல்களில் அவள் மறுபடி மெட்டுப் போட ஆரம்பித்தாள்.

பதிப்புரிமை அலுவலகத்தில் குமாஸ்தா அவளை அடையாளம் கண்டு எழுந்து நின்றார். பெரியவரின் வீட்டம்மாவா என்று நாற்காலி போட்டார். விண்ணப்பத்தைப் படித்ததும் முகம் சுருங்கியது.

"இசையமைத்தவர்ங்கிற எடத்துல தவறுதலா உங்க பேரை எழுதிட்டீங்கம்மா. ஐயா பேருதானே வரணும்?"

"ஐயா போயி ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள் அவள். "இது போன வாரம் போட்டது."