சாமிக்கு விட்ட கொடி

உச்சி வெயிலில் கிர்ணிக் கொடி தூங்கும், சாயங்காலம் எழுந்துகொள்ளும். கீழ்பென்னாத்தூர் தனம் நாலு நாளாக அப்படித்தான் நினைத்திருந்தாள். வரப்பில் உட்கார்ந்தால் தூரத்தில் அண்ணாமலை கானலில் மிதக்கும், இலைகள் தலை சாய்க்கும், அவளுக்கும் கண் சொக்கும். தூங்குகிற பிள்ளையை யார் சந்தேகப்படுவார்கள்?

ஐந்தாம் நாள் நாலு கொடிகள் எழுந்துகொள்ளவில்லை.

"தண்ணி கம்மி, வேறென்ன?" என்று புருஷன் மணிவேல் மடையைத் திறக்கப் போனான். எந்த வியாதிக்கும் அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. மண்ணோ ஈரமாக இருந்தது. தனம் ஒரு அடித்தண்டைப் பிளந்தாள். உள்ளே நரம்பு காப்பித்தூள் நிறத்தில் ஓடியது. போன வருஷம் பக்கத்து நிலமே இப்படித்தான் போனது.

"தாகமில்லீங்க, வாடல் நோய். மண்ணுல இருக்கிற பூஞ்சாணம் வேர் வழியா ஏறி அடைச்சிக்குது. தண்ணி விட்டா அடுத்த பாத்திக்கும் இட்டுனு போயிடும்" என்று அவனைத் தடுத்தாள்.

வாடியதையெல்லாம் வேரோடு பிடுங்கிக் கொளுத்தினார்கள். வாய்க்காலை வேறு பக்கமாகத் திருப்பினார்கள். மிச்சக் கொடிகளுக்கு, நோய்ப் பூஞ்சாணத்தைத் தின்கிற டிரைக்கோடெர்மா கலந்த மக்கிய எரு வைத்தார்கள். அந்தப் பாத்தியில் ஒன்றை மட்டும் தொடவில்லை. வெள்ளாமை நல்லபடி வந்தால் முதல் பழம் அண்ணாமலையாருக்கு என்று தனமே மஞ்சள் துணி முடிந்த கொடி அது. அதுவும் மதியத்தில் சாய்ந்துகொண்டுதான் இருந்தது.

"சாமி கொடியில கைய வச்சா குடும்பத்துக்கு ஆவாது. பழுக்கட்டும், பத்து நாள்தானே" என்றான் மணிவேல். தனமும் அதை விட்டுவைத்தாள். பயம் யாரைத்தான் விட்டது!

அதிலிருந்து ஆறாம் நாள் கீழ்ப்பாத்தியில் இரண்டு கொடிகள் சாய்ந்தன. சாமி கொடியின் அடியிலிருந்து அந்த இரண்டு வரைக்கும் ஈரம் கோடு போட்டிருந்தது. மணிவேல் தலையைக் குனிந்துகொண்டான். தினமும் விடியலில் அதற்கு மட்டும் ஒரு குடம் ஊற்றியிருக்கிறான், பாவி மனுஷன்.

தனம் சாய்ந்த இரண்டையும் பிடுங்கினாள். பிறகு மஞ்சள் துணியை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி கொடியையும் காயோடு பிடுங்கித் தீயில் போட்டாள். அழுகை வந்தது, அழுதாள்.

"தெய்வ குத்தம்டி!"

"நெருப்பா நின்ன சாமிதானேங்க. நெருப்புலயே எடுத்துக்கட்டும்."

காய் வெடித்தது. பழுக்காத அதிலிருந்து எப்படியோ தித்திப்பாக ஒரு வாசனை வந்தது. மணிவேல் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அடுத்த இரண்டு வாரமும் தனம் உச்சி வெயிலில் வரப்பிலேயே காவலிருந்தாள். கடைசி நாள், மலை கானலில் மிதந்தது. கொடிகள் எதுவும் தூங்கவில்லை. தனம்தான் மஞ்சள் துணியைக் கையில் பிடித்தபடி தூங்கிப்போயிருந்தாள்.