விரியும், ஒருங்கும்

இந்த முறை கணக்கில் கோட்டை விட்டால், தை பிறந்ததும் செங்கத்து மாமா மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார். அவனுக்கு நான் இரண்டாந்தாரம். முதல் பெண்டாட்டி எப்படிச் செத்தாள் என்று கேட்டால், அந்த வீட்டில் எவரும் வாய் திறப்பதில்லை. அந்தப் பயத்தோடுதான் தொண்ணூற்றாறில் திருவண்ணாமலைக் கல்லூரியில் கடைசி அரியர் பரீட்சை எழுத உட்கார்ந்தேன்.

முன் பெஞ்சில் என் சிநேகிதி திரௌபதி. எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. தொடரின் கூட்டுத்தொகை ஓர் எண்ணுக்குள் அடங்கி 'ஒருங்கும்' என்றால் முதுகுக்குப் பின்னால் கையை மூடிக் காட்டுவாள், அடங்காமல் வளர்ந்து 'விரியும்' என்றால் விரித்துக் காட்டுவாள். தமிழ் மீடியத்தில் படித்ததற்குக் கண்ட லாபம் அது ஒன்றுதான்.

வந்த கணக்கு, n லாக் n-இன் தலைகீழ். இரண்டிலிருந்து கூட்டிக்கொண்டே போனால் ஒருங்குமா, விரியுமா? தொகையிட்டுப் பார்த்தேன். லாக் x-க்குப் பதில் u என்று பிரதியிட்டதும் கீழே இருந்த x, dx-ஓடு சேர்ந்து du ஆகிவிட்டது. எல்லைகளையும் மறக்காமல் மாற்றினேன். கிடைத்தது லாக் u. மெதுவாகத்தான் ஏறும், ஆனால் நிற்காது. 'விரியும்' என்று எழுதினேன்.

எழுதியதும் சந்தேகம் வந்தது. தொடரின் ஒவ்வோர் உறுப்பும் தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகிறதே, அது எப்படி விரியும்? அந்த நேரம் பார்த்துப் பறக்கும் படை உள்ளே நுழைந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் போனதும் நிமிர்ந்து பார்த்தால், திரௌபதியின் கை முதுகுக்குப் பின்னால் இறுக மூடியிருந்தது.

வகுப்பிலேயே அவள்தான் கெட்டிக்காரி; போன முறை அம்மை போட்டு எழுத முடியாமல் போனதால்தான் அவளுக்கும் அரியர். என் மூளையை நம்பித் தோற்று, மாமா மகன் வீட்டு வாசற்படி மிதிப்பதா? போட்ட கணக்கு முழுவதையும் அடித்துவிட்டு 'ஒருங்கும்' என்று எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வந்ததும், "அந்த லாக் கணக்கு விரியும்தானேடி?" என்றாள் திரௌபதி.

"நீ கைய மூடித்தானே காட்டுன?"

"நான் எங்கடி காட்டுனேன்? அவங்க வந்ததும் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. தெரியக் கூடாதுன்னு பின்னால இறுக்கி மூடிக்கினேன்."

அவளை அறையலாம் போல இருந்தது. அறைந்து என்ன ஆகப்போகிறது?

கேட்டருகே அப்பா நின்றிருந்தார். பக்கத்தில் செங்கத்து மாமா.

"பரீட்சை எப்பிடிம்மா?" என்று அப்பாவை முந்திக்கொண்டு கேட்டார் மாமா.

என் கையை முதுகுக்குப் பின்னால் இறுக மூடிக்கொண்டேன். மாமா சிரித்தார்.